மேலே வலக்கை, கீழே இடக்கை

வலக்கை தட்டும். இடக்கை கொஞ்சம் பொறுத்துத்தான் பதில் தட்டும். கமலாம்பிகை டீச்சர் அதை அப்படித்தான் பழக்கி வைத்திருக்கிறார். உடனுக்குடன் பதில் வந்தால் எதிரில் ஓர் ஆள் இருப்பது போல இராது என்பது அவருடைய கட்சி. பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டு, பிள்ளைகள் எல்லாம் லயத்து வீடுகளுக்குப் போகிற குறுக்குப் பாதையில் இறங்கி மறைந்த பிறகு, விஞ்ஞான அறையின் மூலையில் இருக்கிற கொம்பியூட்டருக்கு முன்னால் இரண்டு கதிரைகளை இழுத்துப் போடுவார். ஒன்றில் தான் இருப்பார். மற்றதில் கைப்பையைக்கூட வைக்கமாட்டார். பிறகு விளையாடத் தொடங்குவார்.

திரையில் ஒரு மலை. உச்சியில் ஒரு தகரக் கொட்டில், அடிவாரத்தில் தேயிலைத் தொழிற்சாலை. தோட்டத்துச் சனங்கள் அதை ஸ்டோர் என்பார்கள். இரண்டுக்கும் நடுவே நீளமாய் ஒரு கம்பி. மேலே நிற்பவர் கொழுந்துச் சாக்கைக் கொக்கியில் மாட்டிக் கம்பியில் விட வேண்டும். கீழே நிற்பவர் பிரேக் போட்டு அதைப் பிடிக்க வேண்டும். மேலே வலக்கை, கீழே இடக்கை. சாக்கு பத்திரமாய் வந்து சேர்ந்தால் "ஆ, வடிவு" என்று தலையை ஆட்டுவார். இடக்கை தவறவிட்டாலும் கோபிக்கமாட்டார். "பரவாயில்லை, இன்னொருக்கா" என்பார். யாருக்குச் சொல்கிறாரோ! அந்த நேரத்தில் அந்த அறைக்குள் வருவது ஜன்னல் வழியே நுழைகிற பனிமூட்டம் மட்டுந்தான்.

அப்புத்தளைக்குக் கீழே இருக்கிற ஒரு தோட்டப் பள்ளிக்கூடம் அது. ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிற டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். இங்கே வந்து ஏழெட்டு வருஷமாகியும் குளிர் மட்டும் அவருக்குப் பழகவில்லை. சேலைக்கு மேலே ஒரு சுவெட்டர், அதற்கு மேலே இன்னொரு சுவெட்டர், செருப்புக்குள் கறுப்புக் காலுறை. பிள்ளைகள் அவருக்கு 'ரெண்டு சுவெட்டர் டீச்சர்' என்று பெயர் வைத்திருப்பது அவருக்குத் தெரியும். ஒருநாள் வகுப்பில் யாரோ அதை மெல்லச் சொல்லிச் சிரித்தபோது, கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவர் திரும்பாமலே, "மூண்டாவதும் இருக்கு, தோய்ச்சுக் காயப்போட்டிருக்கு" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பெயரில் சுவை போய்விட்டது.

கொம்பியூட்டரை ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்தது. பள்ளிக்கூட அதிபர் புவனேந்திரன் அதற்குச் சந்தனம் தெளித்துக் குங்குமம் வைத்து, மாலையும் போட்டு, தன் அலுவலக மூலையில் பத்திரமாய் மூடி வைத்துவிட்டார். சரஸ்வதி பூசைக்கு மட்டும் மூடியை எடுப்பதாக உத்தேசம். டீச்சர் விடுகிற ஆளா? காலையில் கையெழுத்துப் போடும்போது ஒரு தரம், இடைவேளையில் ஒரு தரம், போகும்போது ஒரு தரம் என்று அரித்தெடுத்து, கடைசியில் அதிபரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு விஞ்ஞான அறைக்கு வந்தார். "இந்தாங்க டீச்சர், எடுத்துக்குங்க. என்னைய நிம்மதியா விட்டா போதும்." டீச்சர் அன்றைக்கே அதற்கு பழைய வாயில் சேலைத் துணியில் ஒரு சட்டை தைத்துப் போட்டார். கழுத்துக்கு ஒரு சுருக்கும் வைத்திருக்கிறார், சின்னப்பிள்ளையின் சட்டைக்கு வைப்பது போல.

கொம்பியூட்டரோடு பேசுகிற மொழியை, பண்டாரவளையில் சனிக்கிழமை வகுப்புக்குப் போய், மீசை அரும்புகிற பையன்களுக்கு நடுவே உட்கார்ந்து படித்தார். பிறகு மாதக்கணக்கில் தனியாக இருந்து இந்த விளையாட்டை எழுதினார்.

வகுப்பில் அவருக்கு ஒரே ஒரு சட்டம். "முதல்ல சொல்லு. பிறகு அமத்து." என்ன நடக்கும் என்று சொல்லாமல் எவரும் விசையில் விரல் வைக்க முடியாது. மழைக்கொழுந்து என்றால் சாக்கு கனம். கனமான சாக்கு வேகமாய் இறங்குமா என்று ஒருநாள் கேட்டார். இதென்ன கேள்வி என்பது போல மதுஷா என்கிற பெண்பிள்ளை எழுந்தாள். "கனமா இருந்தா வேகமாத்தான் வரும் டீச்சர். எங்கம்மா கூடைய எறக்கி வைக்கிறப்ப பாத்திருக்கேன்." வகுப்பே ஆமாம் போட்டது. அமத்திப் பார்த்தால் காய்ந்த கொழுந்து, மழைக்கொழுந்து இரண்டு சாக்கும் ஒரே வேகத்தில் இறங்குகின்றன! "கேமு பொய் சொல்லுது!" என்று ஒரே கூச்சல். "பொறுங்கோ, இப்ப பிரேக்கைப் போடுங்கோ" என்றார் டீச்சர். காய்ந்த கொழுந்து நின்றது. மழைக்கொழுந்து நிற்காமல் போய் ஸ்டோர்ச் சுவரில் மோதிச் சிதறியது. வருகிற வேகம் ஒன்றுதான், நிறுத்துகிற பாடுதான் வேறு என்று அவர் சொன்னார். அன்று படித்ததை அந்தப் பிள்ளைகள் பரீட்சை முடிந்தும் மறக்கவில்லை.

சாக்கு சுவரில் மோதினால் ஸ்டோர் ஜன்னலைத் திறந்துகொண்டு ஒரு கணக்கப்பிள்ளை எட்டிப் பார்த்து, "ஐயையோ, எங் கொழுந்து!" என்று தலையில் அடித்துக்கொள்வார். கொழுந்து எவ்வளவு தூரம் சிதறும் என்று முன்கூட்டிக் கணக்குப் போட்டுச் சரியாகச் சொல்லிவிட்டால் அவருடைய தொப்பியும் பறக்கும். அந்தத் தொப்பியைப் பறக்கவிடுவதற்காகவே பெருக்கலும் வகுத்தலும் தலையில் ஏறாத பிள்ளைகள்கூடக் கணக்குப் போட்டார்கள்.

இப்படி எல்லாம் தெரிந்த டீச்சர் முதல்நாளே கோட்டை விட்ட கதையையும் சொல்ல வேண்டும். மதுஷாவை மேலேயும் அவளோடு படிக்கிற லக்ஷிகாவைக் கீழேயும் இருத்தி, "ம், அமத்து பிள்ளை" என்றார். மதுஷா விசையில் விரலை வைத்தாள். அமத்தவில்லை. "என்ன பாத்துக்கொண்டிருக்கிறாய், அது கடிக்காது." அமத்தவில்லை. பிள்ளை பயப்படுகிறாள் என்று நினைத்து வேறொருத்தியை இருத்தினார். அவளும் விரலை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். தன் எழுத்தில்தான் எங்கோ பிழை, பெட்டி இறுகி நின்றுவிட்டது என்று டீச்சருக்குக் குளிரிலும் வேர்த்தது.

"என்னண்டு சொல்லுங்கோவன், ஏன் விடுறியள் இல்லை?"

"கீழருந்து தட்டலீங்களே டீச்சர்" என்றாள் மதுஷா.

அப்போதுதான் விஷயம் வெளிவந்தது. தோட்டத்தில் சாக்கை விடுவதற்கு முன்னால் மேலே நிற்பவர் ஒரு தடியால் கம்பியைத் தட்டுவார். சத்தம் கம்பி வழியே ஓடி அடிவாரத்துக்குப் போகும். கீழே இருக்கிறவர் அதைக் கேட்டு, ஒதுங்கி நின்று, திருப்பித் தட்டுவார். நான் இருக்கிறேன், விடு என்று அர்த்தம். அந்தத் தட்டு வராமல் தோட்டத்துத் துரையே வந்து நின்று விடச் சொன்னாலும் விடமாட்டார்கள். தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்கு இது தாய்ப்பாலோடு வருகிற அறிவு. யாழ்ப்பாணத்தில் கம்பி என்றால் கொடிக்கம்பிதான், அதில் காய்வது துணி. டீச்சர் எங்கே போவார் இதற்கு?

"பதில் வராட்டி?" என்று கேட்டார்.

"மறுபடி தட்டணும்."

"அப்பவும் வராட்டி?"

"மறுபடியும் தட்டணும் டீச்சர். சாக்க மட்டும் விடவே கூடாது. கீழ ஆளு நின்னா மண்ட பொளந்துரும்." இதுகூடத் தெரியாதா என்று வகுப்பு முழுவதும் சிரித்தது. டீச்சரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தப் பதிலே அவருடைய மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் விளையாட்டில் தட்டு வந்துவிட்டது. மேலே தட்டினால் கம்பி நடுங்கி 'டிங்' என்னும். கீழே இருப்பவர் தட்டாதவரை கொக்கி விடாது, என்ன செய்தாலும் விடாது.

தொப்பி பறக்கிற சங்கதி தோட்டமெல்லாம் பரவி, கணக்கப்பிள்ளை தனேஸ்வரன் ஒருநாள் அரைக்காற்சட்டையும் குடையுமாகப் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். "டீச்சர், எம் மூஞ்சியப் புடிச்சு உள்ள போட்டிருக்கீங்களாமே! மலையில புள்ளைக என்னையக் கண்டா சிரிக்குதுக. கொழுந்தெடுக்கிற பொம்பளைகளும் சிரிக்குதுங்க."  டீச்சர் தன் கதிரையைக் காட்டினார். டீச்சர் கீழே தட்ட, தனேஸ்வரன் ஒரு சாக்கை விட்டார், மோதியது, ஜன்னல் திறந்தது. மனிதர் உற்றுப் பார்த்தார். பிறகு இன்னொன்றை மோதவிட்டார். பிறகு இன்னொன்று. பெரட்டில் பேர் கொடுக்க வரிசையாய் நிற்கிற ஆட்களையெல்லாம் மறந்துவிட்டுச் சின்னப்பிள்ளை போல மோதவிட்டுக்கொண்டிருந்தார்.

"மீச நமக்கு இவ்வளவு இல்லீங்க. அத மட்டும் கொறச்சிருங்க" என்று எழுந்தவர், வாசலில் நின்று திரும்பினார். "ரெண்டு பேரு வெளயாடுறதுங்களே இது. புள்ளைக போனப்புறம் நீங்க யாரோட வெளயாடுவீங்க?"

"ஆள் வருவார்" என்றார் டீச்சர்.

அந்த ஆள் கனடாவில் இருக்கிறான். பெயர் கிஷாந்தன். டீச்சருடைய ஒரே பிள்ளை.

கணவர் நோயில் போய்ச் சேர்ந்த மறுவருஷம் சண்டையில் ஊரே இடம்பெயர்ந்தது. டீச்சருடைய தமையன் குடும்பத்தோடு வெளிநாடு போக ஆயத்தம். ஏஜென்ட் ஒரு பையனையும் சேர்த்துக் கூட்டிப்போகலாம் என்றான், ஆனால் தமையனுடைய மகன் என்று எழுத வேண்டும். எழுதினார்கள். பிள்ளை உயிரோடு இருந்தால் போதும், தாளில் யாருடைய மகனாக இருந்தால் என்ன என்று நினைத்த காலம் அது. பிறகு தாயைக் கூப்பிடலாம் என்று விண்ணப்பித்தபோது, இவர் அந்தப் பையனுக்குத் தாயே இல்லையே என்று பதில் வந்தது. தாள் அப்படித்தானே சொல்கிறது! யாரை நோவது? நாட்டைவிட்டுப் போகும்போது கிஷாந்தனுக்கு ஒன்பது வயது. வெளியே மாமனை 'அப்பா' என்றும் வீட்டுக்குள் 'மாமா' என்றும் கூப்பிடப் பழகிக்கொண்டான். டீச்சர் இடமாற்றம் வாங்கிக்கொண்டு, தெரிந்த முகம் ஒன்றும் இல்லாத மலைக்கு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், அப்புத்தளை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கிற ஸலீமின் தொலைபேசிக் கடைக்கு மகன் கோல் எடுப்பான். டீச்சர் அதற்கு வெகு நேரம் முந்தியே போய் வாசலில் கிடக்கிற வாங்குப் பலகையில் இருப்பார். "சாப்பிட்டியா ராசா?" "ஓம்." "குளிரோ?" "ஓம்." "படிக்கிறியா?" "ம்." கல்லில் நார் உரிக்கிற வேலை. உரித்துக்கொண்டே இருந்தார். ஒரு ஞாயிறு அவன் தானாகவே, "அம்மா, நான் ஆறாவது லெவல் தாண்டிட்டன்!" என்றான். ஏதோ வீடியோ கேம். ஒரு மனிதன் ஓடுவானாம், குதிப்பானாம், நெருப்புக்கு மேலால் பாய்வானாம். லைன் அறுகிறவரை மூச்சுவிடாமல் பேசினான். டீச்சருக்கு ஒரு சொல் விளங்கவில்லை. முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தார்.

"என்ன டீச்சர், விஸா கெடச்சிருச்சா?" என்றார் ஸலீம்.

"இல்லைத் தம்பி. ஆறாவது லெவல் தாண்டிட்டானாம்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் ஸலீம், வேறு என்ன சொல்வது என்று தெரியாமல்.

அந்த ஆறாவது லெவல் எங்கே இருக்கிறது என்று பார்க்கத்தான் டீச்சர் பண்டாரவளையில் டிவி கேம் கடைக்குப் போனார். இருட்டறை, வரிசையாய் டிவி, பள்ளிக்கூடத்துக்குக் கள்ளமடித்த பையன்கள். நெற்றியில் திருநீறும் கையில் குடையுமாய் ஒரு டீச்சர் வாசலில் நின்றதும் இரண்டு பேர் பின்கதவால் பாய்ந்தார்கள். டீச்சர் யாரையும் பிடிக்க வரவில்லை. ஒரு பையனுக்குப் பின்னால் நின்று, திரையில் குதிக்கிற மனிதனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் குதித்து, வளைந்து, விழுந்தான். எறிந்த கல் விழுகிற அதே வளைவு! இதற்குள் யாரோ புவியீர்ப்பை எழுதி வைத்திருக்கிறார்கள் என்று அவருக்குள் இருந்த விஞ்ஞான டீச்சர் துள்ளி எழுந்தார். எழுத முடியும் என்றால் நானும் எழுதலாம். பிள்ளைகளுக்குப் படிப்பிக்கலாம். அதைவிட, ஞாயிற்றுக்கிழமை அவனோடு பேச ஒரு விஷயம் கிடைக்கும்.

ஆனால் பள்ளிக்கூடத்துக்குப் பெட்டி வரவும், அவர் படித்து எழுதி முடிக்கவும் வருஷங்கள் போய்விட்டன. "நான் ஒரு கேம் செய்திருக்கிறன் ராசா, ரெண்டு பேர் விளையாடுறது" என்று ஒரு ஞாயிறு அவர் சொன்னார். "நான் இப்ப கேம் ஒண்டும் விளையாடுறேல்லை அம்மா" என்றான், நோகாமல், மரியாதையாக. குரல் உடைந்து ஆண்குரலாகியிருந்தது. "ஓம் ராசா, ஓம், படிக்கிற வயசெல்லோ" என்று வைத்துவிட்டு வந்து வாங்கில் இருந்தார். பதுளை ரயில் வந்து போயிற்று. அவனுடைய பாஷையை அவர் கற்று முடித்தபோது அவன் அந்தப் பாஷையின் ஊரைவிட்டே போய்விட்டான். அன்று அவர் அழுதார். ஸலீம் கடைக்குள் ஏதோ தேடுகிற மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மறுநாள் பின்னேரத்தில் இருந்துதான் அந்த இரண்டாவது கதிரை.

சண்டை ஓய்ந்திருந்த காலத்தில், 2004 ஆகஸ்டில், யாழ்ப்பாணத்தில் ஒரு கலியாணத்துக்காகத் தமையன் குடும்பம் வந்தது. கிஷாந்தன் தாயைப் பார்க்க அப்புத்தளைக்கு ரயிலேறினான். ஸ்டேஷனில் டீச்சர் இறங்குகிற ஆட்களையெல்லாம் தன் தோளளவில் தேடினார். "அம்மா" என்ற குரல் தலைக்கு மேலே இருந்து வந்தது. நல்ல பிள்ளைதான். பையைத் தூக்கினான், கொடுத்ததைச் சாப்பிட்டான், கனடாவைவிட இங்கேதான் குளிர் என்று சொல்லி அவரைச் சிரிக்க வைத்தான். ஆனால் பேச்சு இரண்டு வசனத்துக்கு மேலே ஓடவில்லை. அவனுக்குத் தமிழ் பாதியில் நின்றது, அவர் இன்னொரு கரண்டி சோறு போட்டார். மறுநாள் காலை அவன் போக வேண்டும். கேமைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அவன் விளையாடுவதில்லை என்று சொன்னது அவருக்கு மறக்கவில்லை.

அவன்தான் கேட்டான். "அம்மா, அந்த கேம்... இருக்கா?"

விடுமுறைக்குப் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்தின் திறப்பை அதிபரிடம் வாங்கிக்கொண்டு டீச்சர் நடந்த நடையில், மகன் பின்னால் ஓடவேண்டியிருந்தது. கொம்பியூட்டரின் சட்டையைக் கழற்றினார். இரண்டாவது கதிரையைத் தலைப்பால் துடைத்தார். அதில் ஓர் ஆள் உட்கார்ந்தபோது அது கிறீச்சிட்டது. அந்தக் கதிரைக்கு அப்படி ஒரு சத்தம் இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

"நான் மேலை, நீ கீழை. நான் தட்டுவன். நீ திருப்பித் தட்டினாத்தான் சாக்கு வரும். நீ தட்டாட்டி வராது. விளங்கிச்சோ?"

"ஓம்."

வலக்கை தட்டியது. கம்பி நடுங்கி 'டிங்' என்றது. கிஷாந்தன் விசைப்பலகையின் இடது பக்கத்தில் குனிந்தான். "எது அம்மா, இதா..."

'டிங்.'

பதில் வந்துவிட்டது. கொக்கி விட்டது, சாக்கு கம்பியில் இறங்கி வந்து ஸ்டோர் வாசலில் பத்திரமாய் நின்றது. கிஷாந்தன் தன் விரலைப் பார்த்தான். அது இன்னும் விசைக்கு மேலே அந்தரத்தில் இருந்தது. அதற்குக் கீழே, அவனுடைய கையைக் கடந்து போய், அம்மாவின் இடக்கை இருந்தது.

"அம்மா, நீங்களே தட்டிட்டீங்கள்."

டீச்சருக்கு முகமெல்லாம் சுட்டது. இத்தனை காலம் ஆள் இல்லாத இடத்தில் ஆளாக நின்ற கை, ஆள் வந்த பிறகும் இடத்தை விடமாட்டேன் என்கிறதே! அந்தக் கையின்மேல் அவருக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

"பழகிப்போச்சு ராசா" என்றார்.

அவன் வெறுமையாய்க் கிடந்த அறையைச் சுற்றிப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான். 

டீச்சர் இடக்கையை எடுத்து மடியில் வைத்தார். சேலைத் தலைப்பை இழுத்து அதைச் சுற்றிக் கட்டி, நுனியை இடுப்பில் இறுக்கிச் செருகினார். வலக்கையால் மறுபடி ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அசையாமல் இருந்தார்.